பழத்தோல் எப்போது உரமாகும்? வீட்டுத் தோட்டத்துக்கான செய்முறை

வாழைப்பழத் தோலை நறுக்கி ரோஜாத் தொட்டியில் புதைத்தால் பூ கொத்துக் கொத்தாக வரும் என்று கேள்விப்பட்டு அப்படியே செய்பவர்கள் ஏராளம். பத்து நாளில் தொட்டியைச் சுற்றி எறும்பு வரிசை கட்டும். மண்ணைக் கிளறினால் தோல் கறுத்து வழவழவென்று கிடக்கும். ரோஜாவின் இலையோ முன்னைவிட வெளுத்திருக்கும். தோலில் சத்து இருப்பது உண்மைதான், ஆனால் மட்காத தோலிலிருந்து செடியால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. மட்கும் வேலையைத் தொட்டிக்குள்ளேயே நடக்கவிட்டால் அந்தச் செலவு செடியின் தலையில் விழுகிறது.

பழக்கழிவில் பெரும்பகுதி நீர். அடுத்து சர்க்கரை. தாதுக்களில் சாம்பல்சத்து (பொட்டாசியம்) நிறைய உண்டு, குறிப்பாக வாழைத்தோலில். தழைச்சத்து (நைட்ரஜன்) மிகக் குறைவு, மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சொல்லிக்கொள்ளும்படி இல்லை. சர்க்கரையைக் கண்டதும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் மளமளவென்று பெருகும். உடம்பு வளர்க்க அவற்றுக்குத் தழைச்சத்து வேண்டும். தோலில் அது போதாததால் மண்ணிலிருந்து இழுத்துக்கொள்ளும். 12 அங்குலத் தொட்டியில் மண் இருப்பதே கொஞ்சம், அதிலுள்ள தழைச்சத்தும் போனால் இலை வெளுக்காமல் என்ன செய்யும்? போதாக்குறைக்கு, ஈரத்தோல் அழுகும் இடத்தில் காற்றுத் தீர்ந்து வேர் நுனிகளும் கருகும்.

ஆகவே பழக்கழிவை உரமாக்குவது என்றால் அதிலுள்ள நீரையும் சர்க்கரையையும் செடிக்கு வெளியே வைத்துத் தீர்ப்பது. மட்கவிட்டுத் தீர்க்கலாம், காயவைத்துக் குறைக்கலாம், புளிக்கவிட்டு மாற்றலாம். மூன்றிலும் நம்பி இறங்கக் கூடியது மட்கு, அதாவது கம்போஸ்ட். அதை முதலில் விரிவாகப் பார்ப்போம்.

இரண்டு பெயிண்ட் வாளி போதும்

20 லிட்டர் பெயிண்ட் வாளி மூடியோடு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் 8 முதல் 10 துளைகள், பக்கவாட்டில் நான்கு அங்குல இடைவெளியில் மூன்று வரிசைத் துளைகள். துளை 6 மி.மீ. இருக்கட்டும். அதற்கும் சிறிதானால் மட்கு ஒட்டி அடைத்துக்கொள்ளும். பெரிதானால் ஈ எளிதாக உள்ளே போகும். பக்கத்துத் துளைகளின் மேல் கொசுவலைத் துண்டைச் சுற்றிக் கட்டிவிட்டால் ஈத்தொல்லை பாதி குறையும். வாளியைத் தரையில் வைக்காமல் இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்து, கீழே பழைய தட்டு ஒன்றை வையுங்கள். மாடியானால் மழை நேரே விழாத, மதிய வெயில் படாத மூலை நல்லது.

அடியில் மூன்று அங்குலத்துக்குக் காய்ந்த சருகு அல்லது தேங்காய் நார் பரப்புங்கள். அதன்மேல் ஒரு கை பழைய மட்கு அல்லது தொழுவுரம். இரண்டும் இல்லையென்றால் மரத்தடியில் சருகுக்குக் கீழே இருக்கும் கறுப்பு மண் ஒரு கை போதும். இதுதான் உறைமோர் மாதிரி வேலை செய்யும். கடையில் விற்கும் மட்கு நுண்ணுயிர்ப் பொடி கட்டாயம் இல்லை.

தினம் சேரும் தோல்களை ஓர் அங்குலத் துண்டுகளாக நறுக்கிப் போடுங்கள். நறுக்கச் சோம்பினால் மட்க எடுக்கும் நாள் இரட்டிப்பாகும். வாழைத்தோலைவிட மாதுளை, சாத்துக்குடித் தோல்களுக்கு இது பொருந்தும். ஒரு கிண்ணம் தோலுக்கு இரண்டு கிண்ணம் நொறுக்கிய சருகு, இந்த அளவு கண்பார்வையில் போதும், எடை போட வேண்டாம். தர்பூசணித் தோல் மட்டும் விதிவிலக்கு. அது கிட்டத்தட்ட முழுக்க நீர் என்பதால் ஒன்றுக்கு மூன்று பங்கு சருகு வேண்டும். அல்லது நறுக்கி அரைநாள் வெயிலில் போட்டு வாடவிட்டுச் சேர்க்கலாம். கோடையில் வீடே தர்பூசணியாக இருக்கும் நாட்களில் இந்த ஒன்றைக் கவனிக்காததால் கெட்டுப்போகும் வாளிகள் அதிகம்.

சருகு கிடைக்காத நகரவாசிகள் தென்னை நார்க்கழிவு, கிழித்த அட்டைப்பெட்டி, மரத்தூள் ஆகியவற்றைப் பயன்படுத்தலாம். கரும்புச்சாறு கடைச் சக்கை அருமையான பொருள். இரண்டு நாள் வெயிலில் காயவைத்துத் துண்டாக்கிப் போட்டால் வாளிக்குள் காற்றுப் பை மாதிரி நிற்கும். பளபளப்பான அட்டையும் மெழுகு பூசிய காகிதக் குவளையும் வேண்டாம்.

பலர் சொல்லாமல் விடும் விஷயம் இங்கே இருக்கிறது. பழத்தோல், சருகு இரண்டிலுமே கரிமம் (கார்பன்) மிகுதி, தழைச்சத்து குறைவு. சருகு போடுவது ஈரத்தை உறிஞ்சவும் காற்று புகவும்தான். தழைச்சத்துக் குறையை அது தீர்க்காது, சொல்லப்போனால் கூட்டும். அதனால் பழக்கழிவு மட்டுமே போடும் வாளி மாதக்கணக்கில் அப்படியே குந்தியிருக்கும். வாரம் ஒருமுறை ஒரு கை கடலைப் பிண்ணாக்குத் தூள் தூவுங்கள். அதில் சுமார் 7 சதவீதம் தழைச்சத்து உண்டு. பிண்ணாக்குக்குப் பதிலாக சாணிக் கரைசல் அரை லிட்டர், அல்லது முருங்கை, அகத்தி, கீரைத் தண்டு போன்ற பச்சைக் கழிவு. சர்க்கரை போடாமல் வடிகட்டிய டீத்தூளும் நல்லது, பால் சேர்ந்திருந்தால் ஒருமுறை அலசிப் போடுங்கள். புளித்த மோர் தெளிப்பது வழக்கம். அது நுண்ணுயிரைத் தூண்டும், ஆனால் தழைச்சத்து தராது. இரண்டும் ஒன்றல்ல.

மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை குச்சியாலோ சிறு மண்வெட்டியாலோ அடிவரை கிளறுங்கள். கிளறி முடித்ததும் மேலே சருகு மூடியே இருக்க வேண்டும், ஒரு துண்டுத் தோல்கூட வெளியே தெரியக் கூடாது. ஈரம் சரியா என்று பார்க்க ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஓரிரு துளி எட்டிப் பார்த்தால் சரி. ஒழுகினால் அதிகம். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் குறைவு.

முதல் வாளி நிரம்பியதும் மூடி ஓரமாக வைத்துவிட்டு இரண்டாவதில் தொடங்குங்கள். நிரம்பிய வாளியை வாரம் ஒருமுறை கிளறினால் போதும். நம் வெயிலுக்கு 60 முதல் 75 நாளில் மட்கு தயார். மழைக்காலத்தில் மூன்று மாதம் ஆகலாம். தயாரானதா என்பதற்கு நிறத்தை நம்ப வேண்டாம், அழுகிய தோலும் கறுப்பாகத்தான் இருக்கும். இரண்டு கை மட்கை பாலித்தீன் பையில் கட்டி மூன்று நாள் வைத்துத் திறந்து பாருங்கள். மழை பெய்த மண்வாசம் வந்தால் தயார். புளிப்போ கெட்ட வாடையோ வந்தால் இன்னும் இரண்டு வாரம் விடுங்கள். சந்தேகம் தீராவிட்டால் பாதி மட்கு, பாதி மண் கலந்து வெந்தயம் தூவிப் பாருங்கள். வேறு மண்ணில் விதைத்த வெந்தயம் அளவுக்கு முளைப்பும் வேரும் இருந்தால் தைரியமாகத் தொட்டியில் போடலாம்.

புதிய தொட்டிக் கலவையில் நான்கில் ஒரு பங்கு இந்த மட்கு. ஏற்கெனவே செடி நிற்கும் 12 அங்குலத் தொட்டிக்கு மாதம் இரண்டு கைப்பிடி, மேல்மண்ணைக் கிளறிக் கலந்து மேலே சருகு மூடிவிடுங்கள்.

வாளியில் ஏற்படும் கோளாறுகள்

அழுகிய முட்டை நாற்றம் வந்தால் உள்ளே காற்று இல்லை, ஈரம் மிஞ்சிவிட்டது. வாளியைக் கவிழ்த்துப் பாதியளவு சருகைக் கலந்து திரும்பப் போடுங்கள். அடித்துளைகள் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள், பெரும்பாலும் அதுதான் காரணம். கள்ளு வாடை, புளிப்பு வாடை வந்தால் ஒரே நாளில் இனிப்புக் கழிவு அதிகம் விழுந்திருக்கிறது. மாம்பழக் காலத்தில் இது சகஜம். இரண்டு நாள் எதுவும் போடாமல் கிளறி மட்டும் விடுங்கள். எறும்பு கூடு கட்டியிருந்தால் வாளி காய்ந்துவிட்டது என்று பொருள். தண்ணீர் தெளித்துக் கிளறினால் தானாகப் போய்விடும், எறும்புப்பொடி தேவையில்லை.

மூடியைத் திறந்ததும் முகத்தில் பறக்கும் குட்டி ஈக்கள் பழ ஈக்கள். செடிக்குக் கெடுதல் செய்யாது, வீட்டுக்குள் வந்தால் எரிச்சல். சருகு மூடாக்கைத் தடிமனாக்குங்கள். பக்கத்தில் ஒரு டம்ளரில் கொஞ்சம் வினிகர், ஒரு துண்டு கனிந்த பழம், இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு வைத்தால் அதில் விழுந்து சாகும்.

சாம்பல் பழுப்பு நிறத்தில், தட்டையாக, வளையம் வளையமாக ஓர் அங்குலம்வரை நீண்ட புழுக்களைக் கண்டு பலர் வாளியையே தூக்கி எறிந்துவிடுகிறார்கள். எறியாதீர்கள். அவை கறுப்புப் படைவீரன் ஈயின் புழுக்கள். பழக்கழிவை அவ்வளவு வேகமாகத் தின்று தீர்ப்பவை வேறில்லை. வளர்ந்த ஈ உணவில் மொய்க்காது, கடிக்காது. கோழி வளர்ப்பவர்களுக்கு அந்தப் புழு நல்ல தீவனம். ஆனால் வெள்ளையாக, தடித்து, ஆங்கில 'சி' எழுத்துப்போல் சுருண்டு, பழுப்புத் தலையோடு கிடக்கும் புழு வேறு. அது வண்டினத்தின் புழு. சில வகை மட்கை மட்டும் தின்னும், சில வகை வேரையும் கடிக்கும், தென்னையைத் துளைக்கும் காண்டாமிருக வண்டும் இப்படித்தான் குப்பையில் வளர்ந்து வரும். வகை பார்த்துக்கொண்டிராமல், மட்கைச் சல்லடையில் சலிக்கும்போது எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துவிடுங்கள்.

கொய்யா, மாம்பழத்தைப் பிளந்ததும் உள்ளே நெளியும் வெள்ளைப் புழு மூன்றாவது வகை, இதில் கவனம் தேவை. அது காய்களில் முட்டையிடும் பெரிய பழ ஈயின் புழு. மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகி அடுத்த பருவத்தில் உங்கள் கொய்யாவையே தாக்கும். புழு விழுந்த பழத்தை நேரே வாளியில் போடாமல், தடித்த பாலித்தீன் பையில் இறுக்கக் கட்டி மொட்டை வெயிலில் பத்து நாளாவது போட்டுவையுங்கள். வெந்து கூழான பிறகு வாளியில் சேர்க்கலாம்.

20 லிட்டர் வாளி பெரிய குப்பைமேடு அளவுக்குச் சூடேறாது. அதனால் பப்பாளி, கொய்யா விதைகள் உயிரோடு தப்பி, மட்கு போட்ட தொட்டியில் எல்லாம் முளைக்கும். பிடுங்கிப் போட்டால் போயிற்று, வேறு கெடுதல் இல்லை. தட்டில் வடியும் கறுப்புத் தண்ணீரைப் பத்துப் பங்கு நீர் சேர்த்துத் தரையில் நிற்கும் வாழை, தென்னை மரங்களுக்கு ஊற்றுங்கள். இலைமேல் தெளிக்க வேண்டாம், கீரைக்கும் வேண்டாம்.

உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய மாங்காய், கொய்யாத் துண்டுகளின் மிச்சம் வாளிக்கு ஆகாது. உப்பு மட்காது, தொட்டியில் தங்கிக்கொண்டே போகும்.

தரையில் இடம் இருந்தால்

தரைத்தோட்டம் உள்ளவர்களுக்கு வாளியே தேவையில்லை. மரத்தின் தண்டிலிருந்து இரண்டு அடி தள்ளி, ஓர் அடி ஆழக் குழியில் தோலைக் கொட்டி, ஒரு கை பிண்ணாக்கோ சாணமோ போட்டு மண்ணை மூடிவிடலாம். பெருச்சாளி தோண்டாமல் இருக்க மேல்மண் அரை அடிக்குக் குறையக் கூடாது. அடுத்த முறை மரத்தைச் சுற்றி வேறு பக்கம் குழி. வாழைக்கும் பப்பாளிக்கும் இது நன்றாக ஒத்துவரும், இரண்டுமே சாம்பல்சத்தை அள்ளித் தின்பவை. தொட்டியில் ஆகாதது தரையில் ஆவதற்குக் காரணம், அங்கே மண் அதிகம், வேர் விலகிப் போக இடமும் உண்டு.

இளநீர் மட்டையை நறுக்கி உரமாக்க முயல்வது வீண் உழைப்பு. பிளந்த மட்டைகளைத் தென்னை, மா மரங்களின் வட்டப்பாத்தியில் மூடாக்காக அடுக்குங்கள். குழிந்த பக்கம் தரையைப் பார்க்கக் கவிழ்த்து வைக்க வேண்டும். நிமிர்த்தி வைத்தால் மழைநீர் தேங்கிக் கொசு முட்டையிடும், அதிலும் டெங்கு பரப்பும் கொசு இப்படிப்பட்ட சிறு தேக்கத்தையே தேடி வரும்.

காயவைத்துப் பொடியாக்குவது

வாழைத்தோலை அரை அங்குலக் கீற்றாக வெட்டி, மொட்டை மாடியில் நான்கைந்து நாள் காயவிட்டால் கறுத்து முறுமுறுப்பாகும். வளைத்தால் ஒடிய வேண்டும், வளைந்துகொடுத்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, டப்பாவில் பூசணம் பிடிக்கும். மிக்ஸியில் பொடித்து வையுங்கள். ஒரு கிலோ ஈரத்தோல் 100 முதல் 150 கிராம் பொடியாகச் சுருங்கும், ஏமாற்றம் வேண்டாம்.

மாதம் ஒருமுறை 12 அங்குலத் தொட்டிக்கு ஒரு மேசைக்கரண்டி. மேல்மண்ணில் கிளறி மூட வேண்டும், தூவி விட்டுவிட்டால் எறும்பு தூக்கிக்கொண்டு போகும். தக்காளி, மிளகாய், ரோஜா, மல்லிகை மொட்டு கட்டும் பருவத்தில் கொடுத்தால் பலன் தெரியும். கீரைக்கும் நாற்றுக்கும் இதனால் பயனில்லை, அவற்றுக்கு வேண்டியது தழைச்சத்து. பூ வேண்டும் என்ற ஆசையில் வாரா வாரம் போட்டால் சாம்பல்சத்து மிகுந்து, செடி மக்னீசியத்தை எடுக்க முடியாமல் தவிக்கும். அடி இலைகளில் நரம்பு பச்சையாக நிற்க, நரம்புக்கு நடுவே மஞ்சள் பரவும். அப்போது பொடியை நிறுத்தி, ஒரு லிட்டர் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி எப்சம் உப்பு (மக்னீசியம் சல்பேட்) கரைத்து ஊற்றுங்கள்.

தோலை ஊறவைத்த தண்ணீர் பற்றியும் நிறையப் பேச்சு இருக்கிறது. சாம்பல்சத்து தோலின் திசுவோடு பிணைந்திருப்பதில்லை, ஆகவே நீரில் எளிதாக இறங்கும், அதுவரை சரி. கூடவே இறங்குவது சர்க்கரை, வேறு சத்து பேருக்குத்தான். கொடுக்க விரும்பினால் நான்கு தோலை ஒரு லிட்டரில் ஒரு நாள் மட்டும் ஊறவைத்து வடிகட்டி, மூன்று பங்கு நீர் சேர்த்து அன்றே ஊற்றிவிடுங்கள். நுரைத்த, வாடை வந்த தண்ணீர் தொட்டிக்கு வேண்டாம், வாளிக்குள் போகட்டும். ஒரு வாரம், இரண்டு வாரம் ஊறவைக்கச் சொல்லும் செய்முறைகளில் நன்மையைவிட வேர் அழுகல் அபாயம் அதிகம்.

தோலை எரித்துச் சாம்பலாக்கினால் சாம்பல்சத்து செறிந்து கிடைக்கும். ஆனால் சாம்பல் காரத்தன்மை கொண்டது. உப்புக்கல் படியும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றும் தோட்டத்தில் மண் ஏற்கெனவே காரம்தான், அங்கே சாம்பல் கூடாது.

புளிக்கவைத்த கரைசல்கள்

பழக்கரைசலும் பயோ என்சைமும் ஒன்று என்று நினைத்துக் குழப்பிக்கொள்கிறார்கள். முதலாவது செடிக்கு. இரண்டாவது பெரும்பாலும் தரை துடைக்க.

பழக்கரைசலுக்குக் கனிந்து குழைந்த வாழை, பப்பாளி, மா, சப்போட்டா இவற்றில் இரண்டு மூன்று வகை ஒரு கிலோ, தோலோடு பிசைந்தது. சம எடை வெல்லம் அல்லது நாட்டுச்சர்க்கரை. எலுமிச்சை, சாத்துக்குடி சேர்க்க வேண்டாம். பிளாஸ்டிக் டப்பாவில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாமல், வாயைத் துணியால் கட்டி நிழலில் வையுங்கள். தினம் ஒருமுறை மரக்கரண்டியால் கிளறுங்கள். ஏழிலிருந்து பத்து நாளில் நுரை அடங்கி, பழச்சாற்றுக் கள்ளு வாசம் வரும். வடிகட்டிப் புட்டியில் வைத்து மூடியைத் தளர்வாகத் திருகுங்கள், இறுக்கினால் வாயு சேர்ந்து வெடிக்கும்.

லிட்டருக்கு 2 மி.லி., அதற்கு மேல் வேண்டாம். பூ, பிஞ்சுப் பருவத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாலையில் தெளிக்கலாம். அளவு மிஞ்சினால் இலைமேல் சர்க்கரை படிந்து கரும்பூசணம் படரும், எறும்பு வரும். எறும்பு வந்த இடத்துக்கு மாவுப்பூச்சியும் வந்துசேரும். ஏற்கெனவே மாவுப்பூச்சி இருக்கும் செம்பருத்திக்கு இதைத் தெளிக்கவே வேண்டாம், வேரில் மட்டும் ஊற்றுங்கள்.

பயோ என்சைமுக்கு 100 கிராம் வெல்லம், 300 கிராம் சாத்துக்குடி, ஆரஞ்சு, எலுமிச்சை, அன்னாசித் தோல், ஒரு லிட்டர் தண்ணீர். இரண்டு லிட்டர் குளிர்பானப் புட்டி ஏற்றது, கண்ணாடி ஆபத்து. முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து வாயுவை விட வேண்டும். 90 நாள் ஆகும். மேலே வெள்ளை ஏடு கட்டினால் பயமில்லை, கறுப்புப் பூசணம் வந்தால் கொட்டிவிடுங்கள். கிடைப்பது வினிகர் போன்ற புளித்த அமிலநீர். கழிப்பறை, அடுப்படி மேடை துடைக்க அருமை. தோட்டத்தில் லிட்டருக்கு ஒரு மி.லி. வீதம் மாதம் ஒருமுறை மண்ணில் ஊற்றலாம், அதை உரம் என்று எண்ணி மற்ற உரத்தை நிறுத்திவிடக் கூடாது. நீர்க்காமல் ஊற்றினால் செடி கருகும்.

புளிப்புப் பழத்தோல்கள் மட்கு வாளிக்கும் போகலாம், மொத்தக் கழிவில் ஐந்தில் ஒரு பங்குக்குள். தோலிலுள்ள எண்ணெய் மட்குவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். மண்புழு வைத்திருப்பவர்கள் மட்டும் அறவே தவிர்ப்பது நல்லது, புழு அந்தப் பக்கமே வராது. மாதுளைத் தோலின் துவர்ப்பும் நுண்ணுயிரைத் தடுக்கும் என்பதால் அதைப் பொடிப்பொடியாக நறுக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும்.

விதையும் கொண்டையும்

தோல் உரமானால் விதை செடியாகும், ஆனால் எந்த விதையை நம்பலாம் என்பதில் பழத்துக்குப் பழம் வேறுபாடு உண்டு.

எலுமிச்சையைத் தயங்காமல் விதையிலிருந்து வளர்க்கலாம். ஒரே விதையிலிருந்து இரண்டு மூன்று நாற்று கிளம்பும். அவற்றில் பெரும்பாலானவை தாய்மரத்தின் அசல் நகல். நன்கு மஞ்சளாகப் பழுத்த பழத்திலிருந்து எடுத்து, வழவழப்பைக் கழுவி, காயவிடாமல் அன்றே அரை அங்குல ஆழத்தில் விதையுங்கள். காய்ந்த எலுமிச்சை விதை முளைப்புத்திறனை இழந்துவிடும். மூன்று வாரத்தில் முளைக்கும். ஒத்த உயரத்தில் திடமாக வளர்பவற்றை வைத்துக்கொண்டு, தனியாக மெலிந்து நிற்பதை நீக்குங்கள். காய்க்க நான்கைந்து ஆண்டு ஆகும்.

பப்பாளி விதையின் மேலுள்ள கூழ்ப்பை முளைப்பைத் தடுக்கும். சல்லடையில் சாம்பலோடு தேய்த்துக் கழுவி நிழலில் காயவைத்து விதைக்க வேண்டும். கடையில் வாங்கும் சிவப்புச் சதைப் பப்பாளி பெரும்பாலும் ரெட் லேடி போன்ற கலப்பினம், அதன் விதையில் தாயின் குணம் அப்படியே வராது. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 2, கோ 8 போன்ற ரகங்களில் ஆண், பெண் மரங்கள் தனித்தனி. ஆகவே குழிக்கு நான்கு நாற்று நட்டு, பூத்ததும் பத்துப் பதினைந்து பெண் மரங்களுக்கு ஓர் ஆண் மரத்தை மட்டும் விட்டு மற்ற ஆண் மரங்களை வெட்டிவிடுவார்கள். மாடித் தோட்டத்தில் ஒரே ஒரு பப்பாளி வைக்க விரும்புபவர் பழக்கடை விதையை நம்பி இரண்டு பருவம் காத்திருப்பதைவிட, இருபால் பூப்பூக்கும் ரக நாற்றாக வாங்குவதே மேல்.

பங்கனப்பள்ளி, இமாம்பசந்த் கொட்டையைப் புதைத்தால் மரம் வரும், அதே பழம் வராது. ஒட்டுக் கட்டத் தெரிந்தவருக்கு அந்தக் கன்று வேர்ச்செடியாக, அதாவது நல்ல ரகக் கிளையை ஒட்டும் அடிச்செடியாக உதவும். மற்றவர்கள் கொட்டையின் ஓட்டைப் பிளந்து பருப்பை நறுக்கி வாளியில் போடலாம். ஓடு ஆண்டுக்கணக்கில் கிடக்கும், மூடாக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுத் தோட்டத்துக்கு நிச்சயமாகப் பரிந்துரைக்கக் கூடியது அன்னாசி. கொல்லிமலையிலிருந்தோ கேரளத்தின் வாழக்குளத்திலிருந்தோ வரும் பழம் தலைமேல் இருக்கும் இலைக்கொத்தான கொண்டையோடுதான் விற்பனைக்கு வருகிறது. கொண்டையின் நடுக்குருத்தை மெல்ல இழுத்துப் பார்த்து வாங்குங்கள், கையோடு வந்தால் உள்ளே அழுகியிருக்கிறது. கத்தியால் வெட்டாமல், பழத்தை ஒரு கையில் பிடித்துக் கொண்டையை மறுகையால் திருகினால் தண்டோடு கழன்று வரும். ஒட்டியிருக்கும் சதையைத் துளியும் விடாமல் நீக்குங்கள், அழுகல் அங்கேதான் தொடங்கும். அடி இலைகளை ஒவ்வொன்றாகக் கீழ்நோக்கி உரித்து ஓர் அங்குலத் தண்டு தெரியச் செய்யுங்கள். உரித்த இடத்தில் பழுப்பு நிறத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரியும், சிலவற்றில் சுருண்ட நூல்போல் நீட்டியும் இருக்கும். அவைதான் வேராகப் போகின்றன.

நிழலில் தலைகீழாக மூன்று முதல் ஐந்து நாள் காயவிடுங்கள். பிறகு செம்மண், மணல், மட்கு சமமாகக் கலந்த 15 அங்குல குரோ பேக்கில் (செடி வளர்க்கும் பை) இரண்டு அங்குல ஆழத்தில் நட்டு, சுற்றி மண்ணை அழுத்துங்கள். தண்ணீரில் வேர்விட வைத்து நடும் முறை பார்க்க அழகாக இருந்தாலும், அந்த வேர் மண்ணுக்கு மாறும்போது சிரமப்படும். நேரே மண்ணில் நடுவதே நல்லது. மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர். அன்னாசி வறட்சி தாங்கும், தேக்கம் தாங்காது. ஆறு வாரம் கழித்து மெல்ல இழுத்துப் பாருங்கள், பிடித்துக்கொண்டால் வேர் இறங்கிவிட்டது. அப்போதிலிருந்து முழு வெயில், மாதம் இரண்டு கை பழ மட்கு, கூடவே ஊறவைத்துப் பத்துப் பங்கு நீர்த்த கடலைப் பிண்ணாக்குத் தண்ணீர் அரை லிட்டர்.

கொண்டையில் வளர்ந்த செடி பூக்க ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகும். 35, 40 இலை வந்தும் பூக்காமல் நின்றால் கனிந்த பழம் இன்னொரு வகையில் கைகொடுக்கும். கனிந்த வாழைப்பழமும் ஆப்பிளும் எத்திலீன் வாயுவை விடும், அந்த வாயு அன்னாசியைப் பூக்கத் தூண்டும். நன்கு கனிந்த இரண்டு வாழைப்பழத்தைத் தோலோடு பாதியாக வெட்டிச் செடியின் அடியில் வைத்து, செடி முழுவதையும் பெரிய பாலித்தீன் பையால் மூடி மூன்று நான்கு நாள் நிழலில் வையுங்கள். வெயிலில் மூடினால் செடி வெந்துவிடும். பலித்தால் இரண்டு மாதத்துக்குள் நடுக்குருத்து சிவக்கும், அங்கிருந்து பழம் கனிய ஐந்தாறு மாதம். பழம் பறித்ததும் தாய்ச்செடியைப் பிடுங்காதீர்கள். அடியில் கிளம்பும் பக்கக்கன்றுகளை ஓர் அடி வளர்ந்ததும் பிரித்து நடுங்கள், அவை கொண்டையைவிடச் சீக்கிரம் காய்க்கும்.